கத்தியின்றிக் கல் உடைக்கும் கருவிகள்: ஐரோப்பியச் சந்தை

விமானங்கள் செய்து வந்த ஜேர்மனியின் டோர்னியர் நிறுவனமே சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் கருவியையும் உருவாக்கியது. 1980 பெப்ரவரி 7ஆம் நாள் மியூனிச் நகரில் முதல் நோயாளிக்குக் கத்தி வைக்காமலே சிகிச்சையளிக்கப்பட்டது. இன்று சுவிற்சர்லாந்தின் ஸ்ரோர்ஸ் மெடிக்கல் முதலிய நிறுவனங்களும் இச்சந்தையில் உள்ளன. சிறுநீர்ப்பாதை வழியே நுண்கருவியைச் செலுத்தி, லேசர் கதிரால் கல்லைத் தூளாக்கும் முறையும் அதிர்வலையுடன் போட்டியிடுகின்றது.

கல்லின் அளவும் இடமும் கடினமுமே முறையைத் தீர்மானிக்க வேண்டும். வைத்தியசாலை எக்கருவியை வாங்கி வைத்துள்ளது என்பதன்று. ஆகவே, வேறு முறை உண்டா என வைத்தியரிடம் தயங்காது கேட்போம். உணவகச் சமையலறைகளின் வெக்கையில் நீரருந்த நேரமின்றி உழைக்கும் எம்மவர் பலர். அவர்களுக்குப் போதிய தண்ணீரே முதற் காப்பு. எக்கருவியும் அதற்கு ஈடாகாது.