மீன் வெடுக்கும் தேசிக்காயும்

மீன் வெட்டிய கைக்குத் தேசிக்காய்த் துண்டு தேடாத குசினி கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருக்காது. ஆணத்துக்குள் கொறுக்காயோ பழப்புளியோ விழுவதும் ருசிக்கு மட்டுமல்ல. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் நடுநிலையாக்கல் என்று சொல்லும் வேலைதான் அங்கே நடக்கிறது.

கடல் மீனின் தசையில் டிரைமெதில் அமீன் ஒக்சைட்டு என்றொரு பொருள் உண்டு. கடலின் உப்பு உடம்பு நீரை இழுத்துவிடாமல் மீனைக் காப்பதில் அதற்குப் பங்கிருக்கிறது. அதற்கு மணமில்லை. மீன் செத்த பிறகு பக்டீரியாக்கள் அதை டிரைமெதில் அமீனாக மாற்றிவிடுகின்றன. மூக்கைத் துளைக்கும் வெடுக்கு அதுதான். குளத்து மீனில் இந்தச் சரக்கு மிகக் குறைவு. சுறாவிலோ இதோடு யூரியாவும் சேர்ந்து அமோனியாவாகச் சிதைவதால் நெடி இரட்டிப்பு.

இந்த அமீன் ஒரு மூலம். ஐதரசன் அயனைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது மூலம் என்று 1923இல் டென்மார்க்கின் பிரன்ஸ்டெட்டும் இங்கிலாந்தின் லவ்ரியும் தனித்தனியே வரையறுத்தார்கள். தேசிக்காயின் சிற்றிக் அமிலம் ஓர் அயனைக் கொடுக்கிறது, அமீன் வாங்கிக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து உப்பாகின்றன. அந்த உப்பு ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. தண்ணீரில் கரைந்து கையை விட்டுப் போய்விடும்.

பலரும் முதலில் சவர்க்காரத்தைத்தான் எடுக்கிறார்கள். அது வீண் வேலை. தேசிக்காய்ச் சாற்றின் பிஎச் 2க்குச் சற்று மேல். கட்டிச் சவர்க்காரத்தின் நுரையோ 9, 10. நுரையும் மூலமாக இருப்பதால் அமீனைக் கட்டிப்போட அதனால் முடியாது. உப்பாகிக் கிடந்ததையும் விடுவித்துவிடும். முதலில் புளி, பிறகு தண்ணீர், கடைசியில் சவர்க்காரம் என்பதே சரியான வரிசை.

சவர்க்காரம் மூலம்தானா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். சட்டையில் பட்ட மஞ்சள் கறையைச் சவர்க்காரத்தால் தேய்த்தால் சிவக்கும். அதன்மேல் தேசிக்காயைப் பிழிந்தால் திரும்பவும் மஞ்சளாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வெயிலில் கிடந்து கெட்ட சூரையில் ஹிஸ்டமின் உண்டாகியிருக்கும். புளி வெடுக்கை மறைத்துவிடும்; ஹிஸ்டமினோ புளிக்கும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றால் முகம் சிவந்து தலையிடிக்கும், உடம்பில் தடிப்பு எழும். அப்படிப்பட்ட மீனை வாங்காதீர்கள்.