பழைய ஜீப் வண்டிகளைப் புதுப்பித்தல்: உறுப்புகளின் பொருத்தம்

சேற்றிலும் கரட்டுப் பாதையிலும் செல்லத்தக்க பழைய ஜீப் வண்டிகளைப் பண்ணை உபயோகத்திற்கு வைத்திருக்கும் விவசாயிகள், அவை பழுதுறுங்கால் வெவ்வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளை வாங்கிச் சேர்ப்பது வழக்கம். இதனால் செலவு குறைவது உண்மையே. ஆயினும் பார்வைக்கு ஒத்திருப்பன யாவும் ஒன்றுக்கொன்று பொருந்துவன அல்ல. பொருத்தம் பாராது பூட்டிய வண்டி, வேலை மிகுந்த பருவத்தில் முறிந்து நின்று, மிச்சப்படுத்திய தொகையைக் காட்டிலும் அதிக நஷ்டத்தை விளைவிக்கும்.

வில்லிஸ் ஜீப்புகளே இதற்குத் தக்க உதாரணம். 1941 முதல் 1945 வரை யுத்தத்திற்காகச் செய்யப்பட்டது எம்.பி. என்னும் வகை. 1945 முதல் விவசாயிகளுக்கும் ஏனையோருக்கும் விற்கப்பட்டது சி.ஜே. 2ஏ என்னும் வகை. இரண்டிற்கும் 134 கன அங்குல அளவுள்ள, 60 குதிரைச் சக்தி எஞ்சினே அடிப்படை. எனினும் உள்ளுறுப்புகளில் பேதங்கள் பல.

எஞ்சின்: முற்பட்ட எஞ்சின்களில் காம் ஷாப்டைச் சங்கிலி சுழற்றும், பிற்பட்டவற்றில் பல்சக்கரம் சுழற்றும். சங்கிலியுள்ளதில் அது கிராங்க் ஷாப்டு சுழலும் திசையிலும், பல்சக்கரமுள்ளதில் எதிர்த்திசையிலும் சுழலும். ஆகையால் ஒன்றன் எண்ணெய்ப் பம்பு மற்றொன்றிற்கு ஒவ்வாது. காம் ஷாப்டையும் பம்பையும் ஒரே எஞ்சினிலிருந்து எடுப்பதே நலம்.

ப்ளைவீலும் ஸ்டார்ட்டரும்: 6 வோல்ட் வண்டிகளின் ப்ளைவீலும் 12 வோல்ட் வண்டிகளுடையதும் பற்களின் எண்ணிக்கையில் வேறுபடும். ஸ்டார்ட்டர் மாறினால் பற்கள் சிதையும்.

கியர்ப் பெட்டி: எம்.பி. வண்டியில் டி-84 பெட்டியும், சி.ஜே. 2ஏ வண்டியில் அதனினும் உறுதியான டி-90 பெட்டியும் அமைந்தன. ஒன்றன் பல்சக்கரங்களை மற்றொன்றில் இட முடியாது. பெட்டியை மாற்றுவோர், அதன் ஷாப்டு கிளச்சுத் தட்டின் துளையிலும், எஞ்சின் முனையிலுள்ள புஷ்ஷிலும் சரியாக அமைகிறதா என்பதை விலை பேசுமுன் அளந்தறிதல் வேண்டும். இதன் பின்னுள்ள டிரான்ஸ்பர் கேஸின் இடை ஷாப்டு, காலத்திற்கேற்ப 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என மூன்று பருமன்களில் வந்தது. கூடு, ஷாப்டு, பல்சக்கரம், பேரிங் ஆகியவற்றை ஒரே தொகுதியாக வாங்குக.

அச்சுகள்: யாவற்றினும் முக்கியமானது இதுவே. எம்.பி. அச்சில் பினியனுக்கு 8 பற்களும் கிரௌன் வீலுக்கு 39 பற்களும் உண்டு; சி.ஜே. 2ஏ அச்சில் இவை முறையே 8, 43 ஆகும். முன்னச்சு ஒரு வகையும் பின்னச்சு மற்றொரு வகையுமாயின், நான்கு சக்கரங்களையும் இயக்கும்போது வண்டி சுமார் 150 அடி செல்வதற்குள் முன் பின் சக்கரங்களின் ஓட்டத்தில் ஏறத்தாழ 14 அடி வேறுபாடு உண்டாகும். சேற்றில் சக்கரம் வழுக்கி இவ்வேறுபாடு தீரும். கெட்டித் தரையிலோ அப்பாரம் முழுதும் பல்சக்கரங்களின் மீது விழுந்து அவற்றை முறிக்கும்.

இதனைச் சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்து, டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலில் வைக்க வேண்டும். அச்சின் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அதனை 2 முழுச் சுற்றுச் சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாப்டு எத்தனை சுற்றுச் சுழல்கிறதென எண்ணுக. ஏறத்தாழ 4 7/8 எனில் எம்.பி. வகை, 5 3/8 எனில் சி.ஜே. வகை. இரு அச்சுகளிலும் ஒரே எண் வருதல் அவசியம்.

உறுப்பு வாங்கச் செல்வோர் பழைய உறுப்பையும், பல் எண்ணிக்கையும் பருமனும் குறித்த சீட்டையும் உடன்கொண்டு செல்வாராக. பொருத்தம் கண்ட பின்னரே கிரயம் செலுத்துதல் உத்தமம்.