நாயைக் கொன்றால் வெறிநோய் தீருமா?

மாட்டுங்கா லேபர் கேம்ப். இரவு ஷிப்டு முடிந்து கையில் டிபன் டப்பாவுடன் வருகிறார் ஒரு தொழிலாளி. குறுகலான சந்து. முனையில் நாலைந்து நாய்கள். ஒன்று குரைத்ததும் எல்லாம் சேர்ந்து பாய்கின்றன!

பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால் குழந்தைகளின் கதி என்ன? ஒரு குழந்தை கடிபட்டால் போதும், "விஷம் வைத்துக் கொல்லுங்கள்" என்ற பேச்சு எழும். பெற்ற வயிறு பதறுவது நியாயமே. ஆனால் கொன்றால் தொல்லை தீருமா?

பழைய பாடம்

பம்பாய் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டது. 1832-ல் வெள்ளைக்கார அதிகாரிகள், தெருநாயைக் கொல்பவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கொதித்து எழுந்தார்கள். ஜூன் மாதத்தில் கோட்டைப் பகுதியில் கலவரமே மூண்டது.

அதன் பிறகும் பல்லாண்டு காலம் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய்கள் ஒழியவில்லை. 1990-களில் கொல்வதை விட்டு, கருத்தடைக்கு மாறியது. சென்னையிலும் இதே கதைதான். புளூ கிராஸ் அமைப்பு 1964-ல் சொன்ன யோசனையை மாநகராட்சி ஏற்க 1996 ஆகிவிட்டது.

காரணம் எளியது. குப்பை கிடக்கும் இடத்தில் நாய்க்குத் தீனி உண்டு. இருந்த நாயைக் கொன்றால், அடுத்த தெரு நாய் அங்கே குடியேறும். அது தடுப்பூசி போடாத நாயாகவும் இருக்கலாம்!

காதைப் பாருங்கள்

நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது விதி. வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் தெருவில் விடக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று நவம்பரில் உத்தரவிட்டது.

கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். அது இல்லாத நாய்கள் சந்தில் திரிந்தால், மாநகராட்சியின் 1916 எண்ணிலோ, ஜி நார்த் வார்டு ஆபீசிலோ புகார் செய்யலாம். தடுப்பூசியை மட்டும் ஆண்டுதோறும் போடவேண்டும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குப் போட்டால் நோய் பரவாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்து மாநிலமான கோவா இந்த வழியில் சென்று, 2021-ல் வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலம் என்று பெயர் எடுத்தது.

கடித்துவிட்டால்?

மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்கக்கூடாது. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அன்றே சயான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இனி வேண்டாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு முறை போடுகிறார்கள். ஆழமான காயம் என்றால், காயத்திலேயே சீரம் என்ற மருந்தும் செலுத்த வேண்டும்.

"ஒரு நாள் கூலி போகிறதே" என்று இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால், எந்த டாக்டராலும் காப்பாற்றுவது அரிது.

கூலியை அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். போன உயிரை?