‘எப்படி வந்ததாம்?’

விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. தமிழகமே கொதித்தது, கொதித்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வயது இருபதைக்கூட எட்டாதவர். வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரியவந்தது. தெரிந்ததும் தானாகப் போய், தான் கொடுத்த ரத்தத்தைப் பற்றி மருத்துவமனையில் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அவர் வாயைத் திறந்திராவிட்டால் அந்தத் தவறு எப்போது வெளிப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் முடிவதற்குள் அவர் தற்கொலைக்கு முயன்று, மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்.

எச்.ஐ.வி.யால் யாரும் ஒரே மாதத்தில் சாவதில்லை.

எச்.ஐ.வி. என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எப்படி வந்ததாம்?’ என்பதுதான். அதற்கு வரும் பதிலைப் பார்த்துத்தான் இரக்கத்தைப் படியளக்கிறோம். பிறவியிலேயே தொற்றோடு வந்த குழந்தைக்குத் தலைதட்டாமல் ஒரு படி. கணவனிடமிருந்து பெற்ற மனைவிக்கு முக்கால் படி. லாரி ஓட்டுநர், திருநங்கை, பாலியல் தொழிலாளி என்று வரிசை நகர நகர, படி காலியாகிவிடுகிறது. சாத்தூரிலும் ரத்தம் பெற்றவருக்குக் கிடைத்த பரிவில் கால்வாசிகூட ரத்தம் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தராதரம் நோயோடு கூடவே வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது. அறிவியலுக்கு அது சாதனை. ஆனால் அந்தப் பெண்களும் அவர்களைப் போன்றவர்களும் பட்டது வேறு. தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் பெண்களை சென்னைக் காப்பகத்தில் பூட்டியே வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போன பிறகு, 1990-ல்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. அவர்களிடம் போன ஆண்களை யாரும் பூட்டிவைத்ததாகக் கேள்விப்படவில்லை.

பிறகு விழிப்புணர்வுக் காலம் வந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுவர்களிலும் பேருந்துகளிலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்ட விளம்பரத்தை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. ஆணுறையைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேசவைத்த விளம்பரம் அது. அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் எய்ட்ஸ் என்றால் புள்ளிராஜா, புள்ளிராஜா என்றால் ஊர் மேய்கிறவன் என்ற சமன்பாடும் கூடவே மனதில் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சகமாணவனைப் ‘புள்ளிராஜா’ என்று கேலி செய்து சிரித்தவர்களுக்கு இன்று நாற்பது வயது இருக்கும். அவர்களில் சிலர் டாக்டர்கள், சிலர் வீட்டு உரிமையாளர்கள், சிலர் தலைமையாசிரியர்கள்.

இடைப்பட்ட காலத்தில் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, பழைய காசநோய் சானடோரியம். அன்று கைநிறைய மாத்திரை. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்று. மருந்து வைரஸை ஒழிப்பதில்லை, பெருகவிடாமல் அமுக்கிவைக்கிறது. தவறாமல் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸின் அளவு, பரிசோதனையில் அகப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையைக் காப்பாற்றிக்கொள்பவரிடமிருந்து உடலுறவு மூலம்கூடத் தொற்று பரவுவதில்லை.

நம்ப முடியவில்லையா? இதை நிறுவிய ஆய்வுகளில் ஒன்றில் சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள். இணையர் இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு அது. உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் தெரிந்தது. வைரஸ் முழுக்க அடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவியதாக ஒரு நேர்வும் இல்லை என்பது பின்னர் உறுதியானது. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அதில் ஓர் ஆய்வு மையம். தாய்க்கு முறையான சிகிச்சை கிடைத்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. சிகிச்சையே இல்லாவிட்டால் அது 45 சதவீதம் வரை போகலாம். தட்டு, தம்ளர், கொசு, கைகுலுக்கல், பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் பரவாது என்பதை இன்னமும் சொல்லவேண்டியிருப்பதே அலுப்பாக இருக்கிறது.

மருந்து தவறக் கூடாது என்றேன். தவறவைப்பது எது? தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று உள்ளூர் மையத்தை விட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. பாட்டிலில் ஒட்டிய லேபிளைக் கிழித்தெறிந்துவிட்டு மாத்திரையை வேறு டப்பாவில் ஒளித்துவைக்கிறார்கள். வீட்டில் விருந்தாளி இருந்தால் அன்று மாத்திரை இல்லை. இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் அடங்கிய வைரஸ் தலைதூக்கும். மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். ஊரின் கண்ணுக்குப் பயந்து தவறும் மாத்திரையால்தான் தொற்று மறுபடி பரவும் நிலைக்கு வருகிறது.

படித்தவர்களும் இதில் விலக்கில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ‘எங்களிடம் வசதியில்லை’ என்று திருப்பியனுப்பும் மருத்துவமனைகள் உண்டு. என்ன தனி வசதி வேண்டும்? கையுறையும் கருவிச் சுத்தமும் எல்லா நோயாளிகளுக்கும் கடைப்பிடிக்க வேண்டியவை. தொற்று இருப்பது தெரிந்தவரைவிட, பரிசோதனையே செய்யாதவரிடம்தான் டாக்டர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது; சாத்தூருக்கு மூன்று மாதம் முன்பு. தொற்றைக் காரணம் காட்டி வேலை, பள்ளி, சிகிச்சை, வாடகை வீடு எதையும் மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவைப் பிறரிடம் சொல்லவோ கூடாது. அதில் ஒரு பிரிவு என்னை நிறுத்திவைத்தது. தொற்று பாதித்த குடும்பத்தில், 12 வயது நிறைந்த விவரமறிந்த பிள்ளை, தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக நின்று அவர்களைப் பள்ளியில் சேர்க்கலாம், வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் யாரும் முன்வராமல் போகலாம் என்று சட்டமே எதிர்பார்த்து எழுதிவைத்த பிரிவாகத்தான் இதை என்னால் வாசிக்க முடிகிறது.

தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சானடோரியம்தான். காசநோய்க்காரர் வீட்டில் பெண் எடுக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள்.

தொற்றோடு வாழ்பவர்கள் இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் என்றாவது உங்களை நம்பி வாய்திறக்கலாம். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்; அது அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் இடையிலான பேச்சு. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேளுங்கள். விவரம் தெரியவேண்டுமானால் 1097-ஐ அழைக்கலாம்; கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் இலவசம்.