பட்டையில் தடவும் வாயு

உங்கள் தாத்தாவோ பாட்டியோ பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர் என்றால், ‘எத்ரல்’ பற்றிக் கேளுங்கள். 1970-களில் பரவிய மருந்து அது. பட்டையில் தடவினால் மங்கில் பால் கூடுதலாக விழும்.

பாலைக் கூட்டுவது எத்திலீன். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு. வாயுவை எப்படித் தடவுவது? எத்ரலில் உள்ள எத்திஃபோன், புட்டியின் அமிலக் கரைசலில் சிதையாமல் இருக்கும். அமிலம் குறைந்த பட்டைக்குள் போனதும் உடைந்து எத்திலீனை விடும். பால்குழாய்கள் அடைபடத் தாமதமாவதால் பால் நெடுநேரம் ஓடும். ஆசைப்பட்டு அதிகம் தடவினால் பட்டை வறண்டு, பால் நின்றே போகும்!

சாலட் கீரை போன்ற பயிர்களில் நானோ துகள்களைச் சோதிப்பதும் ஊக்கியை அளவோடு உள்ளே அனுப்பத்தான். தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குள்ள துகள்கள் அவை. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானால் செய்த துகளுக்குள் ஊக்கியை வைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எவ்வளவு வேகமாகக் கசிய வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் தலைவலி.