மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன உதவி, சேலம் வரை வந்த கதை

வெளிநாட்டு உதவி என்றதும் லாரியிலிருந்து இறங்கும் தானிய மூட்டைகளும், கையில் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளும்தான் நம் கண்முன் வரும். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பதும் அதைத்தான். ஆனால், மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு மிகுந்த பயன் தந்த உதவிகளில் ஒன்று மூட்டையில் வரவில்லை. 2 மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு குளவியாக வந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதன் பயன் தமிழ்நாட்டின் சேலத்தையும் எட்டியது.

பணக்கார நாடுகள் உதவி நிதியைக் குறைத்துவரும் இவ்வேளையில், இந்தக் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

பசி மாதங்கள்

நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகள் சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ளன. சஹேல் எனப்படும் இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதங்கள்தான் மழை. மழையை நம்பி விளையும் கம்பும் சோளமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வீடு வந்து சேரும்.

அறுவடை முடிந்ததும் கடனை அடைக்க விவசாயி தானியத்தை விற்கிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை குறைவு. அடுத்த ஜூன் மாதத்திற்குள் வீட்டுக் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு அதே தானியத்தை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை நீளும் இந்தக் காலம்தான் அங்கே பசி மாதங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஆடு, மாடுகளை விற்பார்கள். விதைக்கு வைத்த தானியமும் உலைக்குப் போய்விடும்.

எனவே உதவி வந்தால் மட்டும் போதாது. காலத்தில் வர வேண்டும். 2004ஆம் ஆண்டு நைஜரில் மழை முன்கூட்டியே நின்றது. வெட்டுக்கிளிக் கூட்டமும் பயிரை அழித்தது. ஆண்டு இறுதியிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டும் பணம் வரவில்லை. 2005ஆம் ஆண்டின் நடுவில், மெலிந்த குழந்தைகளின் படங்கள் தொலைக்காட்சியில் வந்த பிறகே உதவிகள் குவிந்தன. தொடக்கத்திலேயே உதவியிருந்தால் ஒரு குழந்தைக்கு நாளுக்கு 1 டாலர் போதுமானதாக இருந்திருக்கும், இப்போது ஒரு குழந்தையைக் காப்பாற்ற 80 டாலர் ஆகிறது என்று அப்போது ஐ.நா. அவசர உதவிப் பிரிவின் தலைவராக இருந்த யான் எகெலண்ட் வருந்தினார்.

தாமதத்தால் இன்னொரு கேடும் உண்டு. புது அறுவடை சந்தைக்கு வரும் நேரத்தில் இலவச மூட்டைகள் வந்து இறங்கினால், உள்ளூர் விவசாயியின் தானியம் விலை போகாது.

மரவள்ளியைத் தின்ற பூச்சி

சஹேலுக்குத் தெற்கே, மழை அதிகமுள்ள நைஜீரியா, பெனின், கானா நாடுகளில் ஏழைகளின் உணவு மரவள்ளிக்கிழங்கு. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். அங்கே அது பஞ்சகால உணவு மட்டுமல்ல, அன்றாடச் சாப்பாடு.

1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மரவள்ளிச் செடிகளில் வெள்ளை மாவு படிந்தாற்போல் ஒரு பூச்சி தென்பட்டது. அதுதான் மாவுப்பூச்சி. மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இந்தப் பூச்சியும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால், அதைக் கட்டுப்படுத்தும் எதிரி உடன் வரவில்லை. சில இடங்களில் விளைச்சலில் 80 விழுக்காடு வரை அழிந்தது. மருந்தடிக்க அந்த விவசாயிகளிடம் பணமும் இல்லை.

நைஜீரியாவின் இபாடான் நகரில் 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வுக் கழகம் இதைக் கையிலெடுத்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் இப்பணிக்குத் தலைமையேற்றார். தேடலின் முடிவில், 1981ஆம் ஆண்டு பராகுவே நாட்டில் அந்த மாவுப்பூச்சியும் அதன் எதிரியான குளவியும் கிடைத்தன. இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும்.

பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியம் உள்ளிட்ட பல அமைப்புகளின் பணத்தில் குளவிகள் வளர்க்கப்பட்டு, விமானத்திலிருந்தும் விடப்பட்டன. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி வட்டாரம் முழுவதும் அவை பரவின. விவசாயி ஒரு காசும் செலவிடவில்லை. ஹெரனுக்கு 1995ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தோட்டத்துக்கு வந்த வண்டு

இதே போன்ற ஒரு கதை நம் தோட்டங்களிலும் உண்டு. செம்பனையின் தாயகமே மேற்கு ஆப்பிரிக்காதான். 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் தெனமாரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. மரம் வந்தது, மகரந்தம் சேர்க்கும் வண்டு வரவில்லை. அதனால் பெண் பூக்களில் மகரந்தத் தூளைத் தொழிலாளர்கள் கையால் தூவ வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டு கெமரூனிலிருந்து அந்த வண்டு கொண்டுவரப்பட்ட பிறகே இந்த வேலை ஓய்ந்தது.

சேலத்துக்குப் போன குளவி

2008ஆம் ஆண்டு மரவள்ளி மாவுப்பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. பெனினில் இருந்த அதே ஆய்வுக் கழகத்தின் மையம் அடுத்த ஆண்டே குளவிகளை அனுப்பிக் கொடுத்தது. 2020ஆம் ஆண்டு இப்பூச்சி தென்னிந்தியாவில் கண்டறியப்பட்டது. ஜவ்வரிசிக்குப் பெயர்போன சேலம், நாமக்கல் வட்டார விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்தித்தனர். மறுபடியும் பெனினிலிருந்துதான் குளவி வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அவை வயலில் விடப்பட்டன.

ஆப்பிரிக்க ஏழை விவசாயிக்காகச் செலவிட்ட பணம், கடைசியில் தமிழ் விவசாயியின் காட்டையும் காத்தது.

இப்போது என்ன ஆபத்து?

அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் உதவி அமைப்பு, 2025ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதியுடன் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. பஞ்சத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்ல 1985ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட அமெரிக்க எச்சரிக்கை அமைப்பு, 2025 ஜனவரியில் முடங்கி, பல மாதங்கள் கழித்தே மீண்டும் செயல்படத் தொடங்கியது. அந்த ஆண்டில் தனக்குக் கிடைக்கும் நிதி சுமார் 40 விழுக்காடு குறையும் என உலக உணவுத் திட்டமும் அறிவித்தது.

மூட்டை குறைந்தால் அந்த ஆண்டின் பசி மாதங்களிலேயே தெரிந்துவிடும். எச்சரிக்கைப் பணியும் ஆய்வுக்கூடமும் மூடப்பட்டால் உடனே தெரியாது. மாவுப்பூச்சி முதலில் தென்பட்டதிலிருந்து குளவி கிடைக்கும் வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் தேடலுக்குப் பணமும், தேட ஆட்களும் இருந்தார்கள். அடுத்த பூச்சி வரும்போதும் அவர்கள் இருக்க வேண்டும். இது ஆப்பிரிக்காவின் கவலை மட்டுமல்ல.