குரலின் ஸனது: வரலாற்றுப் பாடத்தில் பழைய ஒலிப்பதிவுகள்

திரைக்குப் பின்னால் அமர்ந்து பேசும் ஒருவரின் குரலை மட்டும் கேட்டுவிட்டு, 'இன்னார் எனக்கு அறிவித்தார்' என்று சொல்லலாமா? ஹதீஸ் கலை வல்லுநர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பி விவாதித்த கேள்வி இது. ஹிஜ்ரி 160இல் மறைந்த இமாம் ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) கூடாது என்றார்கள். முகத்தைக் காணாதபோது, அவருடைய உருவில் ஷைத்தானே வந்து பேசியிருக்கலாம் அல்லவா என்பது அவர்களின் அச்சம். பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. குரல் முன்பே பழக்கமானதாக இருக்க வேண்டும். அல்லது 'திரைக்குப் பின் இருப்பவர் இன்னார்தாம்' என்று நம்பத்தக்க ஒருவர் அறிவித்திருக்க வேண்டும். அவ்வளவு போதும் என்றனர். அதற்கு அவர்கள் காட்டிய சான்று அழகானது. இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்லும்வரை ஸஹர் உணவு உண்ணலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். வைகறை இருளில் அவருடைய முகத்தை யார் கண்டார்கள்? குரலை அறிந்துதானே மக்கள் உணவை நிறுத்தினார்கள்?

ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் முகத்திமாவில் இவ்விவாதத்தைத் தொகுத்துள்ளார்கள். மதரஸா மாணவர்கள் இதை உஸூலுல் ஹதீஸ் பாடமாக ஓதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆனால் ஒலிப்பதிவு என்பதே திரைக்குப் பின்னிருந்து வரும் குரல்தான். இறந்தோர் குரலைச் சான்றாக வைத்து நம் மாநிலத்தின் அரசியல், சமூக வரலாற்றைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு, வரலாற்றுத் துறை தரும் கருவிகளைக் காட்டிலும் கூர்மையான கருவி அந்தப் பழைய பாடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு செய்தியைப் பெறும் வழிகளை இப்னுஸ் ஸலாஹ் எட்டாக வகுத்தார்கள். ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்கும் 'ஸமாஉ' முதல் வழி. 'விஜாதா' கடைசி வழி. ஒருவருடைய கையெழுத்துச் சுவடி எங்கோ கிடைக்கிறது. கண்டெடுத்தவர் அவரிடம் ஓதவுமில்லை, அனுமதி பெறவுமில்லை. அத்தகையவர் 'எனக்கு அறிவித்தார்' என்று கூறக்கூடாது. 'இன்னாருடைய எழுத்தில் கண்டேன்' என்றே கூற வேண்டும். பழைய ஒலிப்பதிவைக் கேட்பவர் மயங்குமிடம் இதுவே. காதில் குரல் விழுவதால் அதை அவர் ஸமாஉ என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் கையில் இருப்பது விஜாதா. கைப்பேசியில் எவரோ அனுப்பிய இரண்டு நிமிடத் துண்டைக் கேட்டுவிட்டு 'அண்ணா அப்படிச் சொன்னார்' என்பவன், தெருவில் கிடந்த தாளைக் காட்டி 'ஹத்தஸனா' என்பவனை ஒத்தவன்.

அப்படியானால் பதிவின் ஸனதை எங்கே தேடுவது? பதிவிலேயே அதன் ஒரு பகுதி இருக்கும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகளில், பாட்டு முடிந்ததும் 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்று அவரே ஆங்கிலத்தில் கூவுவதைக் கேட்கலாம். தற்பெருமை என்று மாணவர்கள் நகைப்பார்கள். மூலப்பதிவு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலில் சென்று அங்கேதான் தட்டாக அச்சானது. அங்குள்ள தொழிலாளிக்கு எது யாருடைய குரல் என்று தெரிய வேண்டும். ஆகவே பாடியவரே தம் ஸனதைப் பாட்டின் வாலில் கட்டி அனுப்பினார். தட்டின் நடுவே ஒட்டிய தாளுக்கு அருகில், அரக்கிலேயே பொறித்த எண் ஒன்று இருக்கும். தாள் கிழிந்தாலும் அது நிற்கும். நிறுவனத்தின் பட்டியல் கிடைத்தால் அந்த எண்ணைக் கொண்டு ஊரையும் காலத்தையும் அறியலாம்.

இதனினும் முழுமையான ஸனதைப் பெர்லினில் காணலாம். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிறைப்பட்ட முஸ்லிம் வீரர்களையும் இந்திய வீரர்களையும் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃபில் 'பிறைநிலா முகாம்' என்ற இடத்தில் வைத்தார்கள். அவர்களைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எதிராகத் திருப்பும் நோக்கத்தோடு 1915இல் அங்கு மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டப்பட்டது. அதே ஆண்டின் இறுதியிலிருந்து 1918 வரை, வில்ஹெல்ம் டோகன் முன்னின்று நடத்திய ஒரு குழு முகாம்தோறும் சென்று கைதிகளின் பேச்சையும் பாட்டையும் பதிந்தது. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தாள்: பெயர், வயது, பிறந்த ஊர், வளர்ந்த ஊர், சமயம், தொழில், எழுதப்படிக்கத் தெரியுமா என்பவை அதில் நிரப்பப்பட்டன. அஸ்மாஉர் ரிஜால் நூல்களைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய முறை. மால் சிங் என்ற பஞ்சாபியர் 1916 டிசம்பரில் பேசிய பதிவு இன்றும் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஊரில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒரு மனிதன் ஐரோப்பியப் போரில் அகப்பட்டு வீடு திரும்ப ஏங்குகிறான் என்று, யாரோ மூன்றாமவர் கதையைப் போலத் தம் கதையைச் சொல்கிறார். தாளில் எல்லாம் இருக்கிறது. 'பேச மறுக்க உமக்கு உரிமை இருந்ததா?' என்ற கட்டம் மட்டும் அதில் இல்லை. ஸனது சரியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி மிஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். ஈ.வெ.ரா. பெரியாரின் கடைசிச் சொற்பொழிவு 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் நிகழ்ந்தது. ஐந்தாம் நாள் அவர் மறைந்தார். அவருடைய இறைமறுப்போடு நமக்கு உடன்பாடில்லை. எனினும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தை அவரை விலக்கிப் படிக்க முடியாது. அப்பேச்சு அச்சிலும் உண்டு, ஒலியிலும் உண்டு. இரண்டையும் மாணவர்முன் வைத்தால் வேறுபாடு விளங்கும். அச்சில் வாதம் ஒழுங்காக நகர்கிறது. ஒலியில், தொண்ணூற்றைந்தைத் தொட்ட முதியவர் வலி தாங்காமல் இடையே 'அம்மா' என்று முனகி, மூச்சை மீட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அச்சுக்கோப்பவர் அந்த முனகலை நீக்கியதில் குற்றமில்லை. ஆயினும் அந்த இயக்கம் தமிழகத்தில் வேரூன்றியதற்கு வாதம் மட்டுமே காரணமா, இப்படி உடல் வருத்திப் பேசியதைக் கண்ணாரக் கண்ட கூட்டமும் காரணமா என்ற கேள்வி, ஒலியைக் கேட்ட மாணவனுக்குத்தான் எழும்.

காலத்தைக் கணிக்கவும் குரல் உதவும். 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. அதன்பின் அவர் குரல் பழைய குரலாக இல்லை. தேதி குறிக்கப்படாத பதிவு ஒன்றில் அவர் பேசுவதைக் கேட்டால், அந்நாளுக்கு முந்தியதா பிந்தியதா என்று செவியே பெரும்பாலும் சொல்லிவிடும். சொற்களை வைத்துக் கணிப்பதில் அதிக எச்சரிக்கை தேவை. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14இல் சட்டப்படி 'தமிழ்நாடு' ஆயிற்று. ஆகவே ஒரு பதிவில் 'தமிழ்நாடு' என்று கேட்டதும் அது 1969க்குப் பிந்தியது என்று மாணவன் முடிவுகட்டினால் தவறிப்போவான். எங்கள் மாவட்டத்து விருதுநகரிலேயே, அப்பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27இல் உண்ணாநோன்பு தொடங்கி அக்டோபர் 13இல் உயிர்நீத்தார் சங்கரலிங்கனார். சட்டம் ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் நாவில் அச்சொல் ஏறியிருந்தது.

நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பதிவுகளைத் தனியே குறிப்பிட வேண்டும். 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த அவர், 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலால் எல்லாச் சமயத்தார் வீட்டிலும் அறியப்பட்டார். அதே குரல்தான் 'அழைக்கின்றார் அண்ணா' என்றும் 'ஓடி வருகிறான் உதயசூரியன்' என்றும் தி.மு.க. மேடைகளில் முழங்கிக் கூட்டம் சேர்த்தது. பிற்காலத்தில் அவர் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். திராவிட இயக்க வரலாற்று நூல்கள் முஸ்லிம்களைப் பற்றிப் பேசும்போது தொகுதி உடன்பாட்டையும் வாக்கையும் பேசுகின்றன. ஒரு முஸ்லிமின் தொண்டை அந்த இயக்கத்தின் அறிவிப்பு முரசாக ஊர்தோறும் ஒலித்ததை நூலில் படித்து உணர முடியாது. இரு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பக்தியிலும் அரசியலிலும் ஒரே உச்சத்தாயி, ஒரே உச்சரிப்புத் தெளிவு. கட்சிப் பாடலைப் பதிய இசைத்தட்டு நிறுவனம் முதலில் தயங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அச்செய்தியை ஒரு 'ரிவாயத்' என வைத்துக்கொண்டு, தட்டின் முகப்புத் தாள், எண், வெளியான காலம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மாணவர்களைப் பணிப்பது நல்ல பயிற்சி.

ஊர்ப்புற வரலாறு வேறு வகையானது. வத்திராயிருப்புக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள கான்சாபுரம், 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபு யூசுப் கானின் பெயரைத் தாங்கியது என்பது இப்பகுதி வழக்கு. அவர் திருவில்லிபுத்தூரைப் பிடித்ததும், பூலித்தேவரோடு பொருததும் கும்பினியாரின் கடிதங்களில் உள்ளன. எஸ்.சி. ஹில் 1914இல் அவற்றைக் கொண்டு நூல் எழுதினார். மக்கள் பக்கத்துச் சான்று, பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல். அது பாடிக் கேட்பதற்கென்றே எழுந்தது. அச்சில் நமக்கு எஞ்சியிருப்பது அதன் எலும்புதான். இத்தகைய பாடல்களைப் பாடத் தெரிந்த முதியவர் எவரேனும் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் இருந்தால், கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவனும் அவர்முன் உட்கார வேண்டும்.

ஜமாஅத்துகளிடம் இருப்பதோ இன்னும் பெரிய புதையல். 1980களிலும் 90களிலும் மீலாது விழா, மதரஸா பட்டமளிப்பு, சமரசக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கிக்காரர் ஒரு கேசட்டில் பிடித்துக் கொடுத்துவிடுவார். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தவர்களும் இங்கு உண்டு. திருமண வீடுகளில் பெண்கள் பாடிய பைத்துகள் மட்டும் அனேகமாக எங்கும் பதியப்படவில்லை. அந்நியர் செவியில் விழலாகாது என்ற பேணுதலின் காரணம் எனக்குப் புரிகிறது. பெண்களே பதிந்து பெண்களே காப்பதற்கு என்ன தடை என்பதுதான் புரியவில்லை.

இக்கேசட்டுகள் பீரோ அடித்தட்டில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. காந்தப் பூச்சு உதிர்ந்த நாடாவை எந்த நிபுணரும் பேசவைக்க முடியாது. எகிப்து வானொலி 1934 மே 31இல் தொடங்கியபோது முதலில் ஒலித்தது ஷைகு முஹம்மத் ரிஃபஅத் அவர்களின் கிராஅத். அந்தக் குரலில் இன்று உலகம் கேட்பவற்றுள் பெரும்பகுதி, வானொலிப் பெட்டிமுன் அமர்ந்து ஆர்வலர்கள் சொந்தச் செலவில் பிடித்துவைத்தவை. நிலையம் காக்கத் தவறியதை வீடுகள் காத்தன. நாம் செய்ய வேண்டியதும் பெரிய காரியமன்று. பூஞ்சை படிந்த நாடாவைத் துடைக்காமல் ஓடவிடக் கூடாது. நல்ல நாடாவை ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றியபின் ஓடவிட்டு, கணினியில் சுருக்கப்படாத கோப்பாக ஏற்ற வேண்டும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கைவைக்கலாகாது. கூட்டத்தின் தக்பீரும் பின்னணியில் அழும் குழந்தையும் வரலாறே. பிரதி எடுத்தபின் மூலநாடாவை எறியவும் கூடாது.

இதில் அவசரம் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018இல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு விழாவில் செயற்கை நுண்ணறிவால் உருவான தோற்றத்திலும் குரலிலும் 'பேசினார்'. அதே மாதம், காலஞ்சென்ற பாடகர் சாகுல் ஹமீதின் குரல் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த திரைப்பாடலில், குடும்பத்தாரின் ஒப்புதலோடு, மீண்டும் ஒலித்தது. இவ்விரண்டும் வெளிப்படையாகச் சொல்லிச் செய்யப்பட்டவை. சொல்லாமல் செய்வதும் அதே கருவியால் இயலும். அப்போது 'குரல் பழகியதாக இருந்தால் போதும்' என்ற பெரும்பான்மையினரின் முதல் நிபந்தனை தளர்ந்துபோகிறது. 'நம்பத்தக்கவர் அறிவித்திருக்க வேண்டும்' என்ற இரண்டாவதே தாங்கி நிற்கிறது. ஷுஃபா (ரஹ்) அவர்களின் அச்சத்தை மிகையென்று ஓதிக்கொடுத்த நாம், அதை மீண்டும் ஒருமுறை நிதானமாக ஓதிக்கொடுக்க வேண்டியுள்ளது.

என் வகுப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாள் உண்டு. யார் பேசினார், யார் பதிந்தார், யாரிடம் இருந்தது, யார் வழியாக நம்மிடம் வந்தது என்று எழுதிய பிறகே கேட்கத் தொடங்குவோம். கேட்டபின் மத்னைச் சோதிப்போம். ஒரு மாணவர் தம் பாட்டனாரின் கேசட்டைக் கொண்டுவந்தார். உறையில் 'மீலாது 1987' என்று மையால் எழுதியிருந்தது. பேச்சாளர் நடுவே 'மறைந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள்' என்றார். எம்.ஜி.ஆர். காலமானது 1987 டிசம்பர் 24. அவ்வாண்டின் ரபீஉல் அவ்வல் 12, அதாவது ஹிஜ்ரி 1408க்குரியது, நவம்பர் முதல் வாரத்திலேயே வந்துபோய்விட்டது. அடுத்த மீலாது 1988 அக்டோபரில். உறையில் இருந்தது கேசட் வாங்கிய ஆண்டா, பழைய பேச்சை அழித்து அதன்மேல் புதிதாகப் பதிந்தார்களா என்று மாணவர்கள் ஒரு பாடவேளை முழுதும் வாதிட்டார்கள். இறுதியில் பழைய எழுத்தை அழிக்காமல், அதன் கீழே 'ஹிஜ்ரி 1409 ரபீஉல் அவ்வல் அல்லது அதற்குப் பின்' என்று எழுதி ஒட்டினார்கள்.